கருத்தம்மாவின் சுருட்டு அணையும் வரை

கருத்தம்மா வாட்ச் கட்டிப் பழகாதவள். தேவையும் இல்லை. போடிமெட்டுக்கு மேலே அவள் காய் பறிக்கப் போகும் ஏலத்தோட்டத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை அவள் வாயில் இருக்கும் சுருட்டுதான் முடிவு செய்யும். சுருட்டில் நெருப்பு இருக்கும் வரை ஓய்வு. அணைந்தால் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

இதை யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. முன்பிருந்த சூப்பர்வைசர் ஒருநாள் எந்திரிங்க, எந்திரிங்க என்று விரட்டியபோது, "இந்தச் சுருட்டு முடியட்டும் அப்பு, தோட்டம் எங்கயும் ஓடிராது" என்றாள் கருத்தம்மா. போனால் போகிறது என்று விட்டார். மறுநாளும் விட்டார். அப்படியே வழக்கமாகிவிட்டது. ராசிங்காபுரத்திலிருந்து அவளோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வரும் பெண்கள் ஒருத்திக்கும் அந்த நாற்றம் ஆகாது. வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். மத்தியானம் ஆனால் மட்டும், "கருத்தக்கா, மெதுவாக் குடிக்கா" என்று கொஞ்சல். கருத்தம்மாவுக்குப் பெருமை பிடிபடாது.

அவள் குடிப்பது போடியில் யூனுஸ் பாய் கடைச் சுருட்டு. கட்டைவிரல் தடிமன், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீர். தடித்த சுருட்டு நிதானமாக எரியும். புகை வாய்க்கு வந்து சேரும்போது சூடு தணிந்திருக்கும். காலை நீட்டி, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு, ஊர்க்கதை பேசிப் பேசி இழுக்கலாம்.

மற்றவர்கள் அந்த நேரத்தில் சாய்ந்து கிடப்பார்கள். முத்துப்பிரியா மட்டும் ஓடுவாள். தோட்டத்து லயத்தில், வேலையாட்களுக்கான வரிசை வீட்டிலேயே குடியிருக்கும் கைக்குழந்தைக்காரி அவள். சரிவில் இறங்கி, பக்கத்து வீட்டில் விட்டிருக்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஏறி வருவதற்கும் சுருட்டு அணைவதற்கும் சரியாக இருக்கும். பச்சைப்பிள்ளை இருப்பது தெரிந்தால் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அதனால் புதுசாக வந்த சூப்பர்வைசர் ஈஸ்வரிடம் அவளும் சொல்லவில்லை, மற்ற பெண்களும் மூச்சு விடவில்லை.

ஈஸ்வர் கெட்டவன் இல்லை. முதலாளியிடம் வெரசாக நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற அவசரக்காரன். சட்டத்தில் கை வைத்தால் இந்தப் பெண்கள் சும்மா விட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே பயல் சுருட்டில் கை வைத்தான்.

"ஆத்தா, மூணாறு போயிருந்தேன். ஒன் ஞாபகம் வந்துச்சு" என்று பளபளப்பான டப்பா ஒன்றை நீட்டினான். உள்ளே பென்சில் மாதிரி ஒல்லி ஒல்லியாகச் சுருட்டுகள்.

"எனக்காகவா வாங்கியாந்தே அப்பு?" கருத்தம்மா உருகிப் போனாள். பெற்ற மகன் அவளுக்கு ஒரு தீப்பெட்டிகூட வாங்கித் தந்ததில்லை. "இனிமே இதுதான் எனக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியும் வைத்தாள். வாய் சும்மா இருந்தால்தானே!

ஒல்லிச் சுருட்டு விறுவிறுவென்று எரிந்தது. புகை சுடச்சுட வந்து நாக்கைப் பொசுக்கியது. கசப்பு வேறு. கௌரவத்தை விடாமல், நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் அது அணைந்தே போனது.

"எந்திரிங்க, சோலியப் பாருங்க" என்று ஈஸ்வர் கையைத் தட்டினான்.

முத்துப்பிரியா மூச்சிரைக்க ஓடி வந்தபோது எல்லோரும் செடிக்கடியில் குனிந்திருந்தார்கள். "இன்னொரு தடவ லேட்டா வந்தா வேற தோட்டம் பாத்துக்க" என்றான் அவன். மறுநாள் அவள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள். ரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது.

"அழுவுற சத்தம் கேட்டுச்சுக்கா. போனா நேரமாயிருமேன்னு வந்துட்டேன்" என்றாள். ஒரு டப்பாவுக்கு மயங்கிப் பச்சைப்பிள்ளை வயிற்றில் அடித்துவிட்டோமே என்று கருத்தம்மா தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் ஜீப்பு போடியில் நின்றதும் நேரே யூனுஸ் பாய் கடைக்குப் போனாள்.

"வழக்கமானதுதானேக்கா?"

"அது பத்தாது பாய். போன நேரத்தயும் சேத்துப் பிடிக்கணும். இருக்கதுலயே பெருசாக் கொண்டா."

நடுவில் பெருத்து, இரண்டு முனையும் ஒடுங்கிய ஒன்றை எடுத்து வைத்தார் பாய். "பாத்துக்கா. பத்தவைக்கிற முனை சின்னது, மொதல்ல சாதுவா இருக்கும். தீ வயித்துக்கு வந்துச்சுன்னா ஆளத் தூக்கிரும். வாய்ப்பக்கமும் ஒடுக்கமா, புகை மொத்தமும் நாக்குல ஒரே எடத்துலதான் வந்து விழும்."

"எனக்கே பாடமா பாய்?" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அதைப் பார்த்த ஈஸ்வர், "என்ன ஆத்தா, எலி முழுங்குன பாம்பாட்டம் இருக்கு? நான் குடுத்தது எங்க?" என்றான்.

"அது நல்லநாள் பெரியநாளுக்கு அப்பு" என்று தீக்குச்சியைக் கிழித்தாள். முத்துப்பிரியா சரிவில் மறைந்தாள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. நெருப்பு வயிற்றுப்பக்கம் வந்ததும் புகை கனத்தது. நாக்கு மரத்தது, வேர்த்து ஊற்றியது, ஏலச்செடிகள் வரிசையாக ஆடத் தொடங்கின. கருத்தம்மா விடவில்லை. இழுத்தாள்.

ஈஸ்வர் பதறிவிட்டான். "ஆத்தா, மூஞ்சி வெளுத்துப்போச்சு. தூக்கிப் போடு அத!"

"அணைஞ்சா எந்திரிக்கச் சொல்லுவியே?"

"அதான வழக்கம்?"

"அப்ப பிரியா வார வரைக்கும் அணையாது."

"அந்தப் புள்ள எங்க போகுது தினமும்? போன் பேசவா?"

"போனா? பிள்ளைக்குப் பால் குடுக்கப் போகுதுய்யா! கைப்பிள்ளை, லயத்துல கெடந்து கத்துது. வேலைய விட்டு அனுப்புறதுன்னா என்னைய அனுப்பு, அவளத் தொடாத!"

சொன்ன வேகத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. சுருட்டு நழுவி ஈரச் சருகில் விழுந்தது. புகை மெலிந்தது. பெண்கள் ஒருவரும் அசையவில்லை. ஈஸ்வர் வாயைத் திறந்தால் எல்லோரும் எழுந்திருக்க வேண்டியதுதான்.

அவன் குனிந்து சுருட்டை எடுத்தான். வாய்ப்பக்க முனையைச் சட்டையில் துடைத்து வாயில் வைத்தான். ஜென்மத்தில் பீடிகூடத் தொடாத பயல். ஒரே இழுப்பில் கண் பிதுங்கியது. குடலே வெளியில் வருவது போல இருமினான். நெருப்பு மறுபடி சிவந்தது.

"என்னய்யா பண்றே?" என்றாள் கருத்தம்மா.

"அணைஞ்சிரக் கூடாதுல்ல ஆத்தா" என்று கண்ணீர் வழிய இன்னொரு இழுப்பு இழுத்தான்.

சரிவில் முத்துப்பிரியாவின் தலை தெரிந்தது. செடிகளைப் பிடித்துப் பிடித்து, விழுந்தடித்து ஏறி வந்தாள். சூப்பர்வைசர் நிற்பதைக் கண்டதும் முகம் செத்துப்போனது. ஈஸ்வரால் பேச முடியவில்லை, இருமல். சுருட்டை ஒரு கையில் உயர்த்திக் காட்டி, மெதுவா, மெதுவா என்று மறு கையைக் கீழே கீழே அமர்த்தினான்.

அவள் புரியாமல் நின்றாள். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்தே வந்தாள்.