பன்னிரண்டு நாற்காலிப் பொருளியல்

வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். பால் ஏன் பொங்கி வழிந்தது என்று கேட்டால், பாலுக்காகவும் வாதாடுவாள், அடுப்புக்காகவும் வாதாடுவாள். பதினோராம் வகுப்பில் பொருளியல்தான் எடுப்பேன் என்று அவள் சொன்னதும், லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏன்டி, அறிவியலுக்கு என்ன பஞ்சம் வந்துச்சு?"

"பஞ்சம் ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கத்தாம்பா."

"மார்க்கு வராதவங்க ஒதுங்குற இடம்டி அது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனை பேர் சேந்திருக்காங்க, சொல்லு பாப்போம்!"

பெயர் கொடுத்திருந்தவர்கள் அவளோடு சேர்த்து மூன்று பேர். வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பேராவது தேறாவிட்டால் வகுப்பையே மூடிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

பொருளியல் ஆசிரியர் பரம சாது. சந்தை கலையும் நேரத்தில் வாடிய கீரையோடு நிற்பவரைப் போல வாசலில் நின்று, "வாங்கப்பா, ரொம்ப ஈஸியான பாடம்" என்று கூவிக்கொண்டிருந்தார். அவர் கூவக் கூவ, பிள்ளைகள் நடையை எட்டிப் போட்டார்கள்.

"சார், கூவிக் கூவி வித்தா சொத்தைன்னுதான் நினைப்பாங்க. உள்ள வந்து கதவைச் சாத்துங்க," என்றாள் வக்கீல்.

"சாத்திட்டா எப்படிம்மா வருவாங்க?"

"சாத்தினாத்தான் சார் எட்டிப் பாப்பாங்க."

அன்றே அறையிலிருந்த நாற்காலிகளை வெளியேற்றினாள். பன்னிரண்டை மட்டும் விட்டுவைத்துவிட்டு, கதவில் ஒரு தாளை ஒட்டினாள்: 'இந்த அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் உள்ளன.' அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. மீதியைக் கற்பனை செய்துகொள்ள ஊருக்கா சொல்லித்தர வேண்டும்? கிடைக்காது என்றால் காய்ச்சலைக்கூட வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளும் உலகம் இது. மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். "அப்படி என்னதான்டா சொல்லித்தர்றாங்க உள்ள?" என்று ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தவன்கூடப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அப்பா லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டுக்காகக் காத்திருந்த இரண்டு தாய்மார்களின் பேச்சு காதில் விழுந்தது.

"பொருளியல்ல இடமே இல்லையாமே?"

"ஒரே ஒரு நாற்காலிதான் பாக்கியாம். எங்க வீட்டுக்காரர் ஆளைப் பிடிக்க அலையுறாரு."

அப்பா படியிறங்கி ஓடினார். கையைக்கூடக் கழுவாமல் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எம் பொண்ணு சின்ன வயசுலேர்ந்தே பொருளியல் பொருளியல்னு உசுரை விடுறா. எப்படியாவது ஒரு இடம்…"

"அவ பேருதான் முதல்ல இருக்கு. உங்க கையெழுத்துதான் இன்னும் வரலை."

எண்ணெய்க் கை தாளில் பதிய அப்பா கையெழுத்திட்டார். திரும்பினால் வாசலில் வக்கீல். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாவம், இடமில்லாம எத்தனை பிள்ளைங்க தவிக்குது! நம்ம வீட்டு நாற்காலி நாலைக் கொண்டாந்து போடட்டுமாடி?"

"ஐயோ வேணாம்பா," என்றாள் மகள். "மதிப்பு இறங்கிடும்."