ஆரஞ்சின் உடுப்பு

தபால்தலை சேர்க்கிறவனை ஊர் மதிக்கும்; ஆப்பிளும் ஆரஞ்சும் சுற்றி வந்த தாளைச் சேர்க்கிறவனைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லும். தீப்பெட்டி அட்டை, சோடா மூடி என்று எதையாவது சேர்த்து வீட்டில் பேச்சு வாங்குகிற நண்பர்களே, உங்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தேன். படம் அச்சடித்த மெல்லிய பழத்தாள் எங்கே கிடைத்தாலும், மேலே துணி போட்டு, சூடு குறைந்த இஸ்திரிப்பெட்டியால் நீவி, பிஸ்கட் டின்னில் அடுக்கிவிடுவேன்.

பழத்துக்கு ஏது தாள்?

நெய்யாற்றின்கரையில் ஒரு பழக்கடை. வாசலில் ஆப்பிள் பெட்டி திறந்து கிடந்தது. மலையாளத்தில் பழம் என்றால் வாழைப்பழம்தான் என்பது அவசரத்தில் மறந்துபோய், "பழத்திண்ட கடலாஸு தருமோ?" என்று பழத்தின் தாளைக் கேட்டுவிட்டேன். கடைக்காரர் மேலே தொங்கிய குலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த இரக்கத்தோடு சொன்னார்: "சேட்டா, பழத்தினு தொலியல்லே உள்ளூ!" வாழைப்பழத்துக்குத் தோல்தானே உண்டு என்கிறார்.

நோயாளி விசாரணை

என் கடையில் பொத்தான் துளை தைக்கும் கூட்டாளி தங்கராஜ், மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். பார்க்கப் போனேன். உண்மையான கவலையோடுதான் போனேன். ஆனால் தலைமாட்டில் கல்ஃபிலிருந்து வந்த மச்சான் வைத்த ஆப்பிள்கள், ஒவ்வொன்றும் நீலத்தாளில். என் கண் அங்கேயே போனது. தங்கராஜ் கவனித்துவிட்டான். "எலே, நீ என்னப் பாக்க வந்தியா, ஆப்பிளப் பாக்க வந்தியா?"

கப்பல் படம்

காரோடு ஊரில் ஒரு பழைய மிஷன் குடும்பத்து வீடு. ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போன இடத்தில், அவர்கள் தகரப்பெட்டியின் அடியில் விரித்திருந்த தாள்களைக் காட்டினார்கள். அதில் ஒன்று கொழும்பிலிருந்து ஆரஞ்சு சுற்றி வந்தது. சிவப்புக் கப்பல், தங்க ஓரம். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பின்னால் திருவனந்தபுரத்தில் சேகரிப்பாளர்கள் கூடும் ஒரு கண்காட்சியில் எனக்கும் ஒரு மேசை தருவதாகச் சொன்னதே அந்தக் கப்பலுக்காகத்தான். அன்று நான் அதைக் கையில் ஏந்தி நின்றதைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்னார்: "கொண்டு போ மக்கா, எங்களுக்கு அது பாச்சை வராம இருக்கப் போட்டதாக்கும்."

ஓர் எழுத்து

கண்காட்சிக்கு முந்தின வாரம் வீட்டில் வெள்ளையடிப்பு. பஸ் ஏறும் அவசரத்தில், "பழத்தாள மாத்திரு" என்று மனைவியிடம் கத்தினேன். வேறு இடத்துக்கு மாற்றி வை என்பது என் எண்ணம். அவள் காதில் விழுந்தது 'பழந்தாள்'. பழைய தாளுக்குப் பிளாஸ்டிக் குடம் மாற்றித் தருகிறவர் அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்தார். சாயங்காலம் நல்ல பச்சைக் குடம் ஒன்றை அவள் சந்தோஷமாகக் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அவளை என்ன சொல்ல?

மறுநாள் ஜங்ஷனில் பழக்கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் வாங்கிய ஆரஞ்சுகள், குடக்காரர் விற்றுவிட்டுப் போன என் தாள்களைச் சுற்றிக்கொண்டு, வெளிநாட்டுச் சரக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தன! தாளை மட்டும் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். அத்தனையையும் பழத்தோடு வாங்கினேன். கப்பல் மட்டும் இல்லை. அது பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவின் பையில், மேலாக இருந்தது. "பழம் உங்களுக்கு, தாள மட்டும் தாருங்கம்மா" என்று கெஞ்சினேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சம்மந்தக்காரங்க வீட்டுக்குக் கொண்டு போறதாக்கும் மக்கா. உடுப்பக் கழத்தினா இது வடசேரி ஓறஞ்சாயிடும்லா!"

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் என் மேசையின் நடுவிடம் காலியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஆரஞ்சுக்கு மட்டும் குறைவில்லை.