பச்சை மைக் கையெழுத்து

1989 மே மாதம். நரிக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி சங்கையாவின் மகள் ஜெகதீஸ்வரி மதுரையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். நூற்பாலைத் தொழில் படிப்பு. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஏதாவது ஒரு மில்லில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்கள். மில்லைத் தேடிப் பிடிப்பது அவரவர் பாடு.

பதினொரு மில்லுக்கு எழுதிப் போட்டாள். ஒன்பது மில்லிலிருந்து பதிலே இல்லை. ஒரு மில், பெண்களுக்கு இடமில்லை என்றது. அருப்புக்கோட்டை மில் ஒன்றுதான் வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னது. அந்தக் கடிதம் கைக்கு வந்ததோ புதன்கிழமை சாயங்காலம். பச்சை மையில் கையெழுத்துப் போடும் கெஜட்டட் அதிகாரி கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாதவர்கள் வரவேண்டாம் என்று அதன் அடியில் ஒரு வரி வேறு.

"இது ஆகலேன்னா படிப்பு போதும்த்தா" என்றார் சங்கையா. "மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ரெண்டு தடவை கேட்டுவிட்டாக."

"ஆகும்ப்பா" என்றாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனாள். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, வருஷாந்திரக் கணக்குப் பார்க்கிற கூட்டம். தாசில்தாரை நெருங்கவே முடியவில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் லீவுக்குச் சொந்த ஊர் போய்விட்டார். டீக்கடை பால்ச்சாமிதான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாட்டாஸ்பத்திரி டாக்டரும் பச்சை மையில கையெழுத்துப் போடுறவருதான்த்தா" என்றார். மாட்டாஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. டாக்டர் மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்தில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். அங்கே பஸ் கிடையாது. நடந்தாள்.

டாக்டர் ஆனந்தகுமார் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பொய் சொல்ல வராத மனுஷர்; பிழைக்கத் தெரியாதவர் என்றும் சொல்லலாம். அவள் திருச்சுழியில் டைப் அடித்து வாங்கிக் கொண்டுபோன தாளில், 'இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும்' என்று இருந்தது. நம் பக்கத்து அதிகாரிகள் தலைகூட நிமிராமல் கையெழுத்துப் போடுகிற வரி அது.

"உன்னை எனக்கு மூணு நிமிஷமாத்தாம்மா தெரியும். எப்படிப் போட?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழவில்லை. உதவியாளர் சீனிச்சாமி ஒரு கிடாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அதன் கொம்பைப் பிடித்தாள்.

"அப்ப இன்னைக்குப் பூராம் பாத்துக்கிருங்க சார். பெறகு போடுங்க."

பார்த்தார். நூற்று முப்பது ஆடுகள். மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு கிடா அவள் முழங்காலில் முட்டியது. நொண்டிக்கொண்டே அடுத்ததைப் பிடித்தாள். "டாக்டரு புது ஆளு கூட்டியாந்துருக்காரு" என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். நாலு மணிக்கு டாக்டர் கையைக் கழுவிவிட்டு, டைப் அடித்த தாளை ஓரமாக வைத்தார். வெள்ளைத்தாளில் தானே எழுதி, அடியில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

'இவரை எனக்கு இன்று காலை பத்தரை மணியிலிருந்து தெரியும். 130 ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தார். ஒன்றும் நழுவவில்லை. அடிபட்ட பிறகும் வேலையை விடவில்லை. நன்னடத்தை உடையவர்.'

பஸ்ஸில் அதை இரண்டு தடவை படித்தாள். இதையா கொண்டுபோய்க் கொடுப்பது? ஆனால் வேறு தாள் இல்லை.

மறுநாள் மில்லில் இரண்டு இடத்துக்குப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். மற்ற எல்லாரும் பையன்கள். ஆள் எடுக்கும் அதிகாரி அவள் சான்றிதழைப் படித்தார், சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அறையே சிரித்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. அதற்கு மேல் கோபம் வந்தது.

"சார், மத்த பதிமூணையும் படிங்க. எல்லாரையும் மூணு வருஷமாத் தெரியும்னுதான் இருக்கும். கையெழுத்துப் போட்டவுக அவுக மூஞ்சியவாவது பாத்துருப்பாகளா? என்னைய ஒருத்தரு ஒரு நாள் முழுக்கப் பாத்து எழுதியிருக்காரு. நீங்க ஆறு மாசம் பாருங்க."

சிரிப்பு நின்றது. அதிகாரி மற்றச் சான்றிதழ்களைப் புரட்டினார். நாலு சான்றிதழில் ஒரே கையெழுத்து, ஒரே தேதி, எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகம். எல்லாவற்றையும் மூடி வைத்தார்.

"இங்க பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுத்ததே இல்ல. காலை ஷிப்டு ஆறு மணிக்கு."

"டவுன்ல எங்க சித்தி வீடு இருக்கு சார். அஞ்சே முக்காலுக்கு வந்து நிப்பேன்."

அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இரண்டாவது இடத்தில் அவள் பெயரை எழுதினார்.

"திங்கக்கிழமை வந்து சேரு."

"இன்னைக்கே சேந்துக்கிறேன் சார்" என்றாள். "திங்கக்கிழமைக்குள்ள நீங்க மனசு மாறிருவீக."

அவர் கேட் பாஸை எழுதி நீட்டினார். நரிக்குடி பஸ் கண்டக்டரிடம் அப்பாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வீங்கிய முழங்காலோடு ஜெகதீஸ்வரி மத்தியான ஷிப்டுக்கு உள்ளே போனாள்.