'தூக்கு' என்றார் மாஸ்டர்

சித்தூர் மைதானத்தில் அவள் லாங் ஜம்ப் தாண்டியதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பதினாறு வயதிருக்கும். குச்சிக் கால்கள். பலகையை மிதித்ததும் இரண்டு முட்டிகளும் மார்புக்கு ஏறின. மணலில் இறங்க மனமில்லாதவள்போல் காற்றிலேயே இருந்தாள். மாநில அளவில் வருவாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் திருப்பதியிலிருந்து நகரி வழியாகப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று ஓடுவதற்கு முன் செய்ததுபோலவே சடை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் தாண்டுறியாம்மா?" என்றேன்.

"வுட்டுட்டேங்க்கா. மாஸ்டர் தெலுங்குக்காரரு. நான் ஓடியாரும்போது 'தூக்கு'ன்னு கத்துவாரு. முட்டியத் தூக்கச் சொல்றாருன்னு நெனச்சிக்கினு தூக்குவேன். தெலுங்குல அது குதின்னு அர்த்தம். எனக்குத் தெலுங்கு தெரியும், ஆனா அந்த வார்த்தை மட்டும் காதுல தமிழாவே வுழுந்துச்சு. கூடத் தாண்டுற பொண்ணு ஒருத்தி சொல்லிச் சிரிச்சா. அதுலேர்ந்து அவரு கத்துனாலே தூக்குறதா குதிக்கிறதான்னு ரோசன வந்துடுது. கால் பலகையத் தாண்டிப் பூடுது, ஃபவுலு."

"மாஸ்டர்கிட்ட சொல்றதுதானே?"

"அவரும் சிரிப்பாருக்கா."

அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நகரியில் மழை விட்டிருந்தது. பஸ் படிக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தயங்கி நின்றவளைக் கண்டக்டர் தெலுங்கில், "தூக்கு, தூக்கு!" என்று விரட்டினார்.

அவளுடைய இரண்டு முட்டிகளும் மார்புக்கு ஏறின. தண்ணீருக்கு வெகு அப்பால் போய் இறங்கினாள்.

இந்தமுறை அது எந்த மொழியில் காதில் விழுந்ததோ! கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.