வாய் மூடிய என் படம்

பிரெஞ்சு கதைக்கிற நகரமொன்றின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், நான் ஒரு தெப்பனர் நடத்துகிறேன். பால், பியர், லொத்தர் சீட்டு விற்கிற மூலைக்கடை. வாடிக்கையாக வருகிற சீனப் பெண்ணொருவர் ஓவியர். ஒருநாள் என்னைக் கீற வேண்டும் என்றார். ஐம்பது வயதுக்குப் பிறகு நம் முகத்தை ஒருவர் விரும்பிக் கேட்டால் மறுக்கிற ஆள் நானில்லை. ஷேவ் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் இருந்தேன்.

பழைய சீன அரண்மனைப் படங்களைப் போல, பட்டுத்துணியில், மயிரிழைக் கோடுகளில், இந்த நகரத்துச் சாதாரண சனங்களைக் கீறுவது அவருடைய வேலை. ஒரு பஸ் சாரதியும் பனி வழிக்கிற ஒருவரும் ஏற்கனவே மன்னர்களாகியிருந்தார்கள். என் படத்தில் நான் பியர் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்து, முழங்காலில் கை வைத்து, நேரே பார்த்தபடி. என் குளிர்ஜாக்கெட் முழுக்கத் தங்க டிராகன்கள். வயிறு மட்டும் என்னுடையது.

குளிர்காலம் முழுக்கக் கீறி, கண்காட்சிக்கு அனுப்ப முன்னம் கடைக்குக் கொண்டுவந்து விரித்தார். மனைவி பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது செத்த ஆக்களுக்கு அடிக்கிற அந்தியேட்டிப் புத்தகத்தில போடுற படமெல்லோ. மாலை ஒண்டுதான் குறை."

பால் வாங்க வந்த தமிழர் ஒருவரும் எட்டிப் பார்த்தார். "வடிவாயிருக்கு அண்ணை. இப்பவே எடுத்து வச்சிட்டியளோ?"

அவ்வளவுதான். "இது நாலு சனம் பாக்கிற இடத்தில தொங்கக் கூடாது. அவவிட்டைச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

என் தெப்பனர் பிரெஞ்சில் சொன்னேன். ஓவியர் ஆச்சரியப்படவில்லை. தங்களிடமும் இப்படி நேரே பார்த்து இருக்கிற படம் செத்த முன்னோருக்குத்தானாம். அந்த மரியாதையை உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான் முழுக் கண்காட்சியுமாம். நான் இல்லாவிட்டால் நடுச்சுவர் வெறுமை என்றார். நடுச்சுவர் என்றதும் எனக்குச் சாவுப்பயம் போய்விட்டது.

என்ன செய்தால் சம்மதிப்பீர்கள் என்று மனைவியைக் கேட்டார். அவள் படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள்.

"வாயைப் பாருங்கோ, மூடியிருக்கு. இந்த மனிசன் நித்திரையிலையும் வாய் மூடுறேல்லை. அதுதான் செத்த ஆள் மாதிரிக் கிடக்கு. திறந்து கீறட்டும்."

இதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் மெருகு பூசிப் பார்த்தேன். "எனக்கும் பிரெஞ்சு விளங்கும்," என்றாள்.

பட்டில் ஊறின மை அழியாது. வாய்க்காக முழுப்படத்தையும் புதிதாகக் கீற வேண்டும். ஓவியர் என் வாயையும் படத்தின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, முன்னோர் யாரும் கதைக்கிற மாதிரி ஒரு படத்தை இதுவரை எங்கேயும் கண்டதில்லை, கீறிப் பார்க்கலாம் என்று சொல்லிப் பட்டைச் சுருட்டினார்.

கோடையில் கண்காட்சி. நடுச்சுவரில், டிராகன்களோடு, கடைவாய்ப் பல் தெரிய நான். ஓவியர் படத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண், படத்தைக் காட்டி, இவர் என்ன சொல்கிறார் என்று மனைவியைக் கேட்டாள்.

"தெரியாது, நான் கேட்பதில்லை," என்று மனைவி நல்ல பிரெஞ்சில் சொன்னாள்.

பிறகு போனை ஓவியரிடம் கொடுத்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் படத்தோடு ஒரு போட்டோ எடுப்பித்தாள்.