கூடலூருக்குப் பூசிட்டுப் போன செண்டு

குடிகாரனா? எம் பேரனா? தரகர் சொன்னாருன்னு நீயும் நம்பிட்டயா சரசு? பக்கத்து ஊட்டுலயே இருக்கற, பிரபு ஒரு நாளாச்சும் தள்ளாடிட்டு வந்து பார்த்திருக்கயா? உக்காரு கண்ணு. இங்க வாசல்ல அந்தச் சாக்கு மேலயே உக்காரு, ஒண்ணும் ஆவாது. பூண்டு ஆஞ்சுக்கிட்டே சொல்றேன். போன ஞாயித்துக்கெழம நாங்க கூடலூர் போன கதைய மொதல்ல இருந்து கேளு, அப்பறம் நீயே சொல்லு.

அவனுக்கு ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சில்ல? ரெண்டு ஊட்டுலயும் ஒரே பேச்சுதான். பையன் தங்கம், ஆனா பக்கத்துல வந்தா பூண்டு நாத்தம். நம்ம கேத்தி ஊர்ல காடு காடாப் போயி பூண்டு எடுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏத்தறவன் மேல பின்ன மல்லியப்பூவா மணக்கும்? சோப்பு தேஞ்சதுதான் மிச்சம், நகக்கண்ணுல இருந்து போக மாட்டேங்குது. மூணாவதா கூடலூர் எடம் வந்ததும் எம் பொண்ணு வள்ளி சொன்னா, "அம்மா, இந்தத் தடவ அவனுக்கு ஒரு நல்ல செண்டு வாங்கிப் போட்டுக் கூட்டிட்டுப் போலாம்"னு. அவ புள்ள, அவளுக்குத்தான வலி.

காலைல எட்டு மணி பஸ்ஸுல மூணு பேரும் ஏறுனோம். ஊட்டி எட்டு கிலோமீட்டர்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துல ஒரு பாய் கட வெச்சிருக்காரு. சரசு, நீ ஒருக்கா அந்தக் கடைக்குள்ள போகோணும். செவுரெல்லாம் கண்ணாடிக் குப்பி. ஒவ்வொண்ணுலயும் என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, மூக்குதான் படிச்சுது. ஒண்ணத் தெறந்தா எலுமிச்சந்தோப்பு. இன்னொண்ணத் தெறந்தா மழ பேஞ்ச மண்ணு. ஒண்ணு அப்படியே எங்க அப்பிச்சி பொகையில டப்பா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. எடுத்து எடுத்து மோந்தேன். அஞ்சாவதுக்கே பாய் குப்பியப் புடுங்கி வெச்சுட்டாரு.

"அம்மா, நாலுக்கு மேல மோந்தா மூக்கு மரத்துரும். சித்த நேரம் உங்க சேல முந்தானைய மோந்துட்டு நில்லுங்க, பழைய மூக்கு வந்துரும்."

பாரு, நெசமாவே வந்துச்சு.

பிரபு கூச்சத்துல கதவுகிட்டயே நின்னான். பாய் அவனக் கூப்புட்டு மணிக்கட்டுல சொட்டு வெச்சாரு. இவன் ரெண்டு கையையும் வெச்சுத் தேச்சான்.

"தேய்க்காதீங்க தம்பி, அது பாத்திரமில்ல. தேச்சா வாசம் நசுங்கிரும்."

"காயிதத்துல மோந்து பார்த்தாப் போதாதுங்களா?"ன்னு வள்ளி கேட்டா.

"காயிதமா கல்யாணம் பண்ணப் போகுது? ஒவ்வொருத்தரு தோலுல ஒவ்வொரு மாதிரி பேசுமுங்க. மொதல்ல வர்ற வாசம் விருந்தாளி, கால் மணி நேரம் கலகலன்னு பேசிட்டுப் போயிரும். நடுவுல ஒண்ணு வரும், அது சொந்தக்காரன். கடேசில ஒண்ணு போகாமத் தங்கும் பாருங்க, அதுதான் ஊட்டு ஆளு. ஊட்டு ஆளப் பார்த்துத்தான் வாங்கோணும். போட்டுட்டு மார்க்கெட்ட ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

கல்யாணம்னு அவரு வாயில வந்ததும், நாம எதுக்குப் போறோம்னு தெரிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன். வெளிய போயி டீ குடிச்சு வர்க்கி தின்னு, ஒரு சுத்து வந்தோம். அவங் கைல கடேசியா சந்தனமும் வெல்லமும் கலந்தாப்ல ஒரு வாசம் நின்னுச்சு. எனக்கு அதுதான் புடிச்சுது. சின்னக் குப்பி அறுநூத்தம்பது ரூவா.

கட்டித் தர்றப்ப பாய் கேட்டாரு, "தம்பி இத எந்த ஊருக்குப் போட்டுட்டுப் போறாரு?"

இங்கதான் சரசு. பொண்ணு பார்க்கப் போறப்ப வழில யாரு கேட்டாலும் எங்க போறோம்னு வாயத் தொறக்கலாமா? நம்ம பக்கம் யாராச்சும் சொல்லுவாங்களா? சொன்னாக் காரியம் கூடாதில்ல? வள்ளி வாயத் தொறக்கறதுக்குள்ள நான், "இங்கதானுங்க பாய், லவ்டேல்ல ஒரு விசேஷம்"னுட்டேன்.

"அப்ப சரி. கூதலுக்கு இது நல்லாத் தாங்கும். கழுத்துல ரெண்டு, நெஞ்சுல ரெண்டு, சட்டைல ஒண்ணு. அஞ்சு அமுக்கு தாராளமாப் போடலாம்"னாரு. அங்கயே போட்டும் உட்டாரு. அந்தக் குளுருல இருக்கறதே தெரியல. பக்கத்துல போனா லேசா ஒரு இனிப்பு, அவ்வளவுதான். பூண்டு வாசம் சுத்தமாக் காணோம். வள்ளி கண்ணுல தண்ணி.

பதினோரு மணிக்கு கூடலூர் பஸ். அம்பது கிலோமீட்டர். தலைக்குந்தா தாண்டி, பைக்காரா தாண்டி, நடுவட்டம் வரைக்கும் சொகம். சன்னலோரம் தைலமர வாசம், மேகம் ரோட்டுலயே படுத்துக் கெடக்கு. எத்தன வருசமாச்சு நான் அந்தப் பக்கம் போயி. புதுப் பொண்ணாட்டம் வேடிக்க பார்த்துட்டு வந்தேன்.

நடுவட்டத்துக்குக் கீழ வளைவு எறங்க எறங்க வெயில் ஏறுச்சு. ஸ்வெட்டரக் கழட்டுனேன். பிரபுவும் கழட்டுனான். கழட்டுனானோ இல்லயோ, பஸ்ஸுக்குள்ள யாரோ பாயாச அண்டாவக் கவுத்தாப்ல ஆயிப்போச்சு. ஒவ்வொரு வளைவுக்கும் வாசம் ஒரு சுத்துப் பெருக்குது. முன்சீட்டு மலையாளத்தம்மா முந்தானைய மூக்குல வெச்சுட்டு, "எந்தா ஒரு மணம்"னு சன்னல முழுசாத் தெறந்தாங்க. கண்டக்டர் வந்து, "யாருங்க அது புது மாப்பள?"ன்னு சிரிச்சாரு.

"அம்மிச்சி, தல வலிக்குது"ன்னு எங்கிட்டச் சொல்றான் பிரபு. கூடலூர்ல எறங்குனதும் பைப்படில கழுத்தக் கழுவுனான். சட்டைல இருக்கறது போகுமா?

தரகர் பஸ் ஸ்டாண்டுல நின்னு கூட்டிட்டுப் போனாரு. பொண்ணு ஊட்டு வாசல்ல போயி நின்னேன் சரசு. களமெல்லாம் மொளகு காயுது. ஓரத்துல இஞ்சி மூட்ட. அவங்க அப்பா மொளகு, இஞ்சி யாவாரம். ஊட்டுக்குள்ள நாக்காலி, திரைச்சீல எல்லாத்துலயும் இஞ்சிக் காரம். பொண்ணு கவிதா, காப்பி டம்ளரக் குடுத்த வெரல்ல பச்ச இஞ்சி வாசம். இவங்களா பூண்டுக்கு மொகஞ்சுளிக்கறவங்க?

பொண்ணு மூணு தும்மல் போட்டா. அவங்க அப்பா பிரபு பக்கத்துல உக்காந்தவரு, சன்னலோரம் நாக்காலிய நகத்திப் போட்டாரு.

"தம்பிக்கு என்ன தொழிலுங்க?"

"பூண்டு யாவாரமுங்க."

"பூண்டா?" அவரு பிரபு கையப் பார்த்தாரு. "பூண்டு வாசமே காணமே தம்பி."

அப்பவாச்சும் நான் செண்டு போட்ட காரணத்தச் சொல்லியிருக்கலாம். கூச்சமாப் போச்சு, சிரிச்சு வெச்சேன். படி எறங்கறப்ப கவிதா சன்னல்ல நின்னு அவன ஒருக்காப் பார்த்தா. அந்தப் பார்வைல வேண்டாங்கறது இல்ல சரசு. எனக்குத் தெரியாதா.

செவ்வாக்கெழம தரகர் வந்தாரு. "யாவாரின்னு சொல்றாங்க, ஒடம்புல யாவாரத்தோட வாசமே இல்ல. பட்டப்பகல்ல இவ்வளவு செண்டு எதுக்கு? தண்ணி வாடைய மறைக்கத்தான்"னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாராம். நான் போயி நெசத்தச் சொல்றேன்னேன். அதுக்குள்ள கவிதாவுக்குப் பந்தலூர் எடத்துல வெத்தல மாத்தி நிச்சயம் பண்ணிட்டாங்களாம்.

நேத்து ஊட்டி போனப்ப பாய் கேட்டாரு, லவ்டேல் விசேஷம் எப்படின்னு. சொல்லி அழுதேன். மனுசன் தலைல கைய வெச்சுக்கிட்டாரு. "கூடலூருன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? வெயில்ல இது பத்து மடங்கு கெளம்புமே. எலுமிச்ச வாசமா லேசா ஒரே ஒரு அமுக்கு குடுத்திருப்பனே"ன்னாரு.

அந்த ஞாயித்துக்கெழம கூடலூர்ல இருந்து திரும்பி வர்றப்ப பைக்காரா வந்ததும் கூதல் அடிச்சுது, செண்டு படுத்துக்கிச்சு. ஊட்டில எறங்க அவங் கையப் புடிச்சேன். புடிச்சவ மோந்து பார்த்தேன். விருந்தாளி போயாச்சு, சொந்தக்காரன் போயாச்சு. பூண்டு மட்டும் இருந்துச்சு. பாய் சொன்ன ஊட்டு ஆளு. அத கவிதா அப்பா மூக்குக்கு ஒரு நிமிசம் காட்டியிருந்தா...

குப்பிய அவன் தொடறதே இல்ல. நான்தான் எப்பவாச்சும் தெறந்து... என்ன சரசு, கைல சொட்டு உழுந்துச்சே. தூறலா? அய்யோ, நாளைக்கு மண்டிக்குப் போற பூண்டு அத்தனையும் வாசல்ல காயுது. எந்திரி எந்திரி, அந்தச் சாக்க இப்படி விரி. நனைஞ்சா ஒண்ணும் தேறாது, சீக்கிரம் அள்ளு.