ஏரிக்கரையில் சாமி வராத செவ்வாய்க்கிழமை

வி.ஏ.ஓ. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுகிறார்கள். நான் இங்கே சொல்லப்போவது அந்தப் பயிற்சியில் இல்லை.

1. ஏற்பாடு

அன்று காலை பதினொரு மணிக்குச் சாமி வருவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவன் நான். சாமி வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரமாகச் சில இருளர் குடிசைகள் இருந்தன. அதற்கு முன் பல வருடம் அவர்கள் ஒரு ரைஸ்மில்லில் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். மில்காரர் மாசி மகத்துக்குக்கூட வெளியே விட்டதில்லை. இருளர்களுக்கு மாசி மகம்தான் எல்லாம். மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, அவர்களுடைய கன்னியம்மாவைக் கும்பிட்டு, பெண் பார்ப்பது முதல் கல்யாணம் வரை அங்கேயே முடிப்பார்கள். மில்லுக்குள் போனதோடு அது விட்டுப்போயிற்று. மீட்கப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தபின், அடுத்த மாசிக்கு மறுபடி போயே தீருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடிசைகளில் ஒன்றிலிருந்து மில்லுக்குப் போகாமல் அரசு விடுதியில் தங்கிப் படித்த வள்ளி என்ற பெண் பிளஸ் டூ தேறினாள். நர்சிங்கில் இடம் கிடைக்கும் நிலை. பழங்குடிச் சான்றிதழ் இருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் அப்பாவோடு கரும்பு வெட்டப் போகலாம். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. ஆர்.டி.ஓ. விசாரித்துத் தரவேண்டும்.

ஆர்.டி.ஓ. என் அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் இருளர்னுதான்யா எழுதிக் குடுக்கறீங்க. பாம்பு பிடிப்பாங்களா?"

"இப்போ யாரும் பிடிக்கறதில்லை சார். சட்டத்துல தடை இருக்கு."

"சாமி ஆடுவாங்கல்ல? அதைக் காட்டச் சொல்லு. கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"சரிங்க சார்" என்றேன். என் சர்வீஸில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

கன்னியம்மா இறங்குவது வள்ளியின் அத்தை குப்பு மேல். நாற்பது வயதிருக்கும், களையெடுக்கப் போகிறவள். செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. வருகிற விஷயத்தைச் சொன்னேன். "செவ்வாக்கெயமயா சார்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆபீஸில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று குறித்துக்கொள்வோம். இங்கேயும் அப்படியே குறித்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? தேங்காய், கற்பூரம், எலுமிச்சை எல்லாம் வாங்கினேன். மேளம் இல்லாமல் சாமி எப்படி வரும் என்று உத்திரமேரூரிலிருந்து பம்பைக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிவந்தேன். இருளர்களின் கன்னியம்மாவுக்குப் பம்பை உண்டா இல்லையா என்று நான் ஒருத்தரையும் கேட்கவில்லை. எங்கள் ஊர் அம்மனுக்கு உண்டு, ஆகவே எல்லா அம்மனுக்கும் உண்டு. என் அறிவு அவ்வளவுதான்.

2. பதினொரு மணி

ஆர்.டி.ஓ.வுக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கையில் இளநீர் கொடுத்தாயிற்று. குப்பு குளித்த ஈரப்புடவையோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். பம்பைக்காரர்கள் விளாசினார்கள். ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து போயின. குப்பு அசையவில்லை.

பம்பைக்காரரில் பெரியவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னா சார் இது, நம்ம அடிக்கு இந்நேரம் நாலு பேரு ஆடிக்கினு இருப்பாங்களே" என்றார். தொழில் மானம் அவருக்கு.

ஆர்.டி.ஓ. கடிகாரத்தைப் பார்த்தார். நான் குப்புவின் பக்கத்தில் குந்தி, இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"சும்மா ஆடிக் காட்டும்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

குப்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கன்னிம்மாவுக்குத் தெரியும் சார்."

குடிசை வாசலில் நின்ற வள்ளி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம் அத்தே. எந்திரி. எனுக்குப் படிப்பு வாணாம்."

ஆர்.டி.ஓ. இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பழங்குடிக்குரிய வழிபாட்டு வழக்கம் எதுவும் காணப்படவில்லைன்னு எழுதிக் கொண்டாய்யா" என்றார். ஜீப் கிளம்பியது. அந்த வரியை அன்று சாயங்காலமே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தவன் நான்.

ஜீப் போனபின் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் குப்பு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"கோச்சிக்காதீங்க சார். பொண்ணு படிப்பு போச்சேன்னு எனுக்கும் மனசு அடிச்சிக்கினுதான் கீது. ஆனா எங்க பாட்டன் முப்பாட்டனே காட்டாதத நான் எப்டிக் காட்டுவேன்?"

"காட்டலையா? யாருகிட்ட?"

"வெள்ளக்கார தொரையாண்ட. மின்ன காட்டுக்குள்ள ஏயு கல்லு நட்டு கன்னிம்மாவக் கும்பிட்டாங்க. தொரை வந்து காடு சர்க்காருதுன்னு வேலி போட்டான். 'ஒங்க சாமி எங்க கீதுன்னு காட்டுங்க, அத்த மட்டும் உட்டுட்டு வேலி போடறேன்'னானாம். எங்காளுங்க எங்களுக்கு சாமியே இல்லன்ட்டாங்க."

"ஏம்மா, காட்டியிருந்தா கல்லாவது மிஞ்சியிருக்குமே?"

"காட்னா அவன் கணக்குல ஏறிடும் சார். அப்பால எங்க சாமியப் பாக்க அவனாண்ட சீட்டு வாங்கணும். கல்லு போனா போவுதுன்னு வந்துட்டாங்க. இப்போ கடலோரம் மண்ணுல ஏயு படிக்கட்டு புடிச்சி கும்பிடறோம். கும்பிட்டு முடிச்சா அலை வந்து அடிச்சிக்கினு போய்டும். அதுக்கு எவன் வேலி போடுவான்?"

ஊரில் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் கிணற்றையும் கணக்கில் ஏற்றுவதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். பம்பைக்காரர்களுக்குக் கொடுத்தது போக மீந்த தேங்காயை என் மனைவி சட்னி அரைத்தாள். அதைத் தொடவே கூசியது.

வள்ளி அந்த வருடம் கரும்பு வெட்டப் போனாள்.

3. மாசி மகம்

மாசியில் ஏரிக்கரையே காலியாயிற்று. குழந்தை குட்டி, சட்டி பானையோடு அவர்கள் பஸ் ஏறியதைப் பார்த்தேன். ரைஸ்மில்லிலேயே பிறந்த பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. என்ன நினைத்தேனோ, மறுநாள் விடிவதற்குள் நானும் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன்.

கடற்கரை முழுக்கப் புடவையால் கட்டிய கூடாரங்கள். எங்கெங்கிருந்தோ வந்த இருளர்கள் குடும்பம் குடும்பமாக ஈரமணலில் ஏழு படி பிடித்து, பூவும் வெற்றிலையும் வைத்திருந்தார்கள். எங்கள் ஏரிக்கரை ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்து, சற்றுத் தள்ளியே நின்றேன். பம்பை இல்லை. யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் கூப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தார். குப்புவுக்கு உடம்பு நடுங்கியது, தலைமுடி அவிழ்ந்தது. அலையில் போய் விழுந்து எழுந்து வந்தாள். அவள் அண்ணன், வள்ளியின் அப்பா, மணலில் விழுந்து ஓவென்று அழுதார். மில்லில் இருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து அழுதிருப்பார்.

ஒவ்வொருவருக்காகக் குறி சொல்லிக்கொண்டு வந்தவள் நேரே என் முன்னால் வந்து நின்றாள். என்றைக்கும் என்னைச் சார் போட்டுப் பேசுகிறவள்.

"நீ இன்னாத்துக்கு வந்த? ஒனுக்கு இன்னா வோணும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செருப்போடு நிற்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கழற்றிவிட்டுக் கைகூப்பி, "அந்தப் பொண்ணுக்குச் சர்டிபிகேட் கிடைக்கணும், தாயே" என்றேன்.

"இல்லன்னு எய்தினவன் நீ. என்னாண்ட வந்து கேக்கறியே, வெக்கமா இல்ல?"

என் நெற்றியில் மஞ்சளைப் பூசிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். சிறிது நேரத்தில் அலை ஏறிவந்து படிகளைக் கரைத்தது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

4. பிறகு

திங்கட்கிழமை புதிதாக ஓர் அறிக்கை எழுதினேன். முந்தையது தவறு என்றும், வழிபாட்டை அதிகாரிமுன் நடத்திக் காட்டச் சொன்னது முறையல்ல என்றும், அவர்கள் மறுத்ததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்றும் எழுதினேன். பக்கத்துத் தாலுகாவில் வள்ளியின் சித்தப்பா மகன் வாங்கியிருந்த சான்றிதழின் நகலையும் இணைத்தேன். அதை முதல் தடவையே தேடியிருக்கலாம். கடற்கரையில் பார்த்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

"ஒரே ஆள் ரெண்டு விதமா எழுதுவியா?" என்று ஆர்.டி.ஓ. கத்தினார். எனக்கு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் நின்றது. அவர் மாறுதலாகிப் போனபின் வந்தவர் கையெழுத்திட்டார். வள்ளி ஒரு வருடம் கழித்து நர்சிங் சேர்ந்தாள். அந்த ஒரு வருடம் நான் எழுதிய ஒரு வரியால் போனது.

பிள்ளைகளே, விசாரணைக்குப் போனால் உறவைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், பழைய பதிவேட்டைப் புரட்டுங்கள். சாமியைக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓய்வு பெற்றபின் சர்க்கரைக்கு ஊசி போட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போடும் இடத்தில் அடையாளத்துக்கு ஏதாவது கேட்பார்களே என்று ரேஷன் கார்டைக் கையிலேயே பிடித்திருந்தேன். வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தவள் வள்ளி. கார்டை நீட்டினேன்.

"அதெல்லாம் வாணாம் சார், உள்ள வைங்க. நீங்க யாருன்னு எனுக்குத் தெரியாதா?" என்றாள்.

முகம் சிரித்தபடிதான் இருந்தது. நான் கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஊசிக்குக் கையை நீட்டினேன்.